வகுப்பில் ஒரு மாணவி அழுதாள், நான் சொன்னது உண்மைதானே?

கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார். வயது 27. இயற்பியலில் எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். ஆறு பக்கக் கடிதம். அவரை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"இரண்டு வருடமாக ராத்திரி கண்விழித்துப் படிக்கிறேன் மேடம். வானியல், பரிணாமம், மூளை, இப்போது ஏஐ. படிக்கப் படிக்க மனிதன் ஒன்றுமே இல்லை என்றுதான் தெரிகிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லி கோப்பர்நிக்கஸ் நம்மை நடுவிலிருந்து தூக்கி ஓரத்தில் போட்டார். டார்வின் நம்மைக் குரங்காக்கினார். உன் மனசே உன் பேச்சைக் கேட்காது என்றார் மனதை ஆராய்ந்த பிராய்ட். மிச்சம் இருந்தது அறிவு ஒன்றுதான், அதையும் இப்போது ஒரு செயலி செய்கிறது, என் பாடக்குறிப்பை என்னைவிட நன்றாகவே எழுதுகிறது. 2022-ல் எங்கள் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு 4,200 வயது என்று செய்தி வந்தபோது நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். இப்போது அண்டத்தின் வயதான 1,380 கோடி வருடத்தில் அது என்ன கணக்கு என்று தோன்றுகிறது.

"பரிணாமப் பாடம் எடுக்கும்போது இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். நாம் வெறும் ரசாயனம், பூமி ஒரு தூசி என்றேன். ஒரு மாணவி எழுந்து 'அப்போ எங்க பாட்டி எங்க போனாங்க சார்?' என்று கேட்டாள். எங்கேயும் போகவில்லை, அவ்வளவுதான், முடிந்தது என்றேன். அழுதுவிட்டாள். மறுநாள் அவள் அம்மா வந்து சத்தம் போட்டார். நிர்வாகம் மெமோ கொடுத்திருக்கிறது. வீட்டிலும் பிரச்சினை. குலதெய்வம் வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்க இந்த வருடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அப்பா மூன்று மாதமாகப் பேசுவதில்லை. தூக்கம் வருவதே விடிகாலை மூன்று மணிக்குத்தான். சாப்பாடு இறங்கவில்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. உண்மையைச் சொன்னது தப்பா? வாயை மூடிக்கொண்டு இருக்கட்டுமா, இல்லை வேலையை விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடட்டுமா?"

தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். தூக்கம் மூன்று மணி, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன என்ற நினைப்பு, இந்த மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் இருந்தால் அதை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். தினம் தினம் பால்வெளிகளை அளந்துகொண்டிருக்கிற வானியலாளர்கள் நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் அண்டம் பெரிதாக இருப்பதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது என்று நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனச்சோர்வு வந்தால் அது ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசும். விவசாயியிடம் கடனைப் பற்றிப் பேசும், பிள்ளை பெற்றவளிடம் நீ நல்ல அம்மா இல்லை என்று பேசும், நிறையப் படிக்கிற பையனிடம் 1,380 கோடி வருடத்தைப் பற்றிப் பேசும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி அந்த நினைப்பு அழுத்தினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இதைச் செய்துகொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

நடுவில் இருந்தால் உயர்ந்த இடமா?

கோப்பர்நிக்கஸ், டார்வின், பிராய்ட் என்று நீங்கள் அடுக்கிய வரிசை என் துறையில் எல்லாருக்கும் தெரிந்த வரிசைதான். மனிதனின் கர்வத்துக்கு அறிவியல் கொடுத்த மூன்று அடிகள் என்று 1917-ல் பிராய்டே எழுதினார், மூன்றாவது அடியாகத் தன் சொந்தக் கொள்கையையே வைத்தார். அதை ஒரு மனிதர் வரலாற்றை அடுக்கிக் காட்டிய விதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிரூபிக்கப்பட்ட விதி மாதிரி நினைக்கத் தேவையில்லை. பிராய்ட் சொன்னவற்றில் பலவற்றை இன்றைய உளவியல் ஏற்பதில்லை, நம் மனதில் நடப்பது முழுக்க நமக்குத் தெரிந்து நடப்பதில்லை என்ற ஒன்று மட்டும் நன்றாகவே நின்றிருக்கிறது.

அதைவிட முக்கியம், முதல் அடி என்று சொல்கிறோமே அதுவே அவ்வளவு நேரானது இல்லை. கோப்பர்நிக்கஸின் புத்தகம் 1543-ல் வந்தது, அவர் இறந்ததும் அதே வருடம். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் நம்பிய அண்டம் அரிஸ்டாட்டில் சொன்ன அண்டம். அதில் நடு என்றால் அடி. கனமானதும் அழுக்கானதும் அழுகுவதும் கீழே வந்து சேருகிற இடம் பூமி, சந்திரனுக்கு மேலே போகப் போகச் சுத்தம். தண்ணீர்க் குடத்தின் அடியில் கசடு தங்குகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தைக் கொண்டுபோய் வைத்தது பூமியின் நட்டநடுவில்தான். தொலைநோக்கியால் பார்த்ததை 1610-ல் கலிலியோ சின்னப் புத்தகமாக எழுதியபோது, பூமியும் ஒளிவிடுகிற, நகர்கிற ஒரு கோள், அண்டத்தின் குப்பை வந்து சேருகிற குழி கிடையாது என்று சந்தோஷமாகவே எழுதினார். அவருக்கு அது பதவி உயர்வு மாதிரி. 1633-ல் திருச்சபை அவரை விசாரித்துத் தண்டித்தது உண்மை, சாகும்வரை வீட்டுக் காவலில் இருந்ததும் உண்மை. ஆனால் அந்தச் சண்டையில் பைபிளுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

நம் பக்கத்தில் ஆரியபட்டர் 499-லேயே பூமி தன்னைத்தானே சுற்றுவதாக எழுதியிருக்கிறார். ஓடத்தில் முன்னால் போகிறவனுக்குக் கரையில் இருக்கிறதெல்லாம் பின்னால் போகிற மாதிரி தெரியும் என்ற உவமையோடு சொன்னார். (பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றும் அவர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வரும், அது சரியில்லை, பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.) படித்தவர்களுக்குள் அதை மறுத்தவர்கள் இருந்தார்கள். அதற்காக நம் ஊரில் யாரும் நாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டோம் என்று உட்கார்ந்துவிடவில்லை.

மயிலாடும்பாறை விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று தெரிந்தபோது நிமிர்ந்த நெஞ்சும் 1,380 கோடி என்றதும் சுருங்கிய நெஞ்சும் ஒன்றுதான், பாருங்கள். நம் மண்ணில் இரும்பு உருக்கியவர்களை நினைத்துப் பெருமைப்படுங்கள், நானும் படுகிறேன். ஆனால் அந்தத் தேதி நாளைக்கே 500 வருடம் முன்னே பின்னே மாறினால் நீங்கள் வகுப்பில் நிற்கிற உயரம் மாறுமா? வருடக் கணக்கைப் பார்த்து உங்கள் மதிப்பை ஏற்றி இறக்குகிற பழக்கம்தான் இங்கே கோளாறு.

குரங்கிலிருந்து வந்தோம் என்று சொல்லாதீர்கள்

இது ஆசிரியரிடம் இருக்கக்கூடாத தவறு, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிம்பன்சியும் நாமும் ஒரே மூதாதையின் வழியில் வந்தவர்கள், கிளை பிரிந்து சுமார் 60, 70 லட்சம் வருடம் ஆகிறது. நீங்களும் உங்கள் சித்தப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரன்கள். அதற்காகச் சித்தப்பா மகனுக்கு நீங்கள் பிறந்தீர்கள் என்று யாராவது சொல்வார்களா?

மனிதனுக்கு மட்டும்தான் ஆறறிவு என்று நாம் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொள்கிறோம். தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள், மக்கள் ஆறறிவு உயிர் என்று சொன்ன கையோடு, அந்தக் கிளையில் பிறந்த மற்றவையும் உண்டு என்று சேர்த்துச் சொல்கிறது. கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறார்கள். 1960-ல் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் ஆப்பிரிக்காவில் கோம்பே காட்டில் ஒரு சிம்பன்சியைக் கவனித்தார். அது ஒரு குச்சியை ஒடித்து, இலைகளை உருவிப்போட்டு, கறையான் புற்றின் துளைக்குள் விட்டு வெளியே எடுத்து, ஒட்டிக்கொண்டு வந்த கறையானைத் தின்றது. கருவி செய்கிறவன் மனிதன் என்றுதான் அதுவரை புத்தகங்களில் இருந்தது. அவருடைய ஆசான் லூயிஸ் லீக்கிக்குச் செய்தி போனது. இனி கருவி என்பதற்கு வேறு பொருள் சொல்ல வேண்டும், இல்லை மனிதன் என்பதற்கு வேறு பொருள் சொல்ல வேண்டும், இல்லை சிம்பன்சியை மனிதனாக ஏற்க வேண்டும் என்று பதில் போட்டார் அவர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றுகிற நேரத்தில் காட்டிலிருந்து வருகிற யானையின் இனத்திலேயே ஒன்று, 2006-ல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் கண்ணாடியைப் பார்த்துத் தன் நெற்றியில் இருந்த குறியைத் தும்பிக்கையால் தொட்டது. இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஏதோ பறிபோன மாதிரி இல்லை, சொந்தக்காரர்கள் கூடிப்போன மாதிரிதான் இருந்தது.

டார்வினின் நிதானத்தையும் கவனியுங்கள். கொள்கை மனதில் உருவாகி 20 வருடம் போல ஆன பிறகுதான் 1859-ல் புத்தகம் போட்டார். அதிலும் மனிதனைப் பற்றி ஏறக்குறைய ஒரே ஒரு வரிதான். விரிவாக எழுதியது 1871-ல். நீங்கள் ஒரே பீரியடில் அத்தனையும் கொட்டிவிட்டீர்கள்.

யாருடைய நாற்காலி போனது?

மனிதன் கீழே இறங்கிவிட்டான் என்கிறீர்கள். எந்த மனிதன் தம்பி?

தருமபுரியில் ஆலோசனை சொல்ல நான் உட்காருகிற அறைக்கு ஒரு பெண் வந்தாள். மூன்றாவதும் பெண் குழந்தை. மடியில் குழந்தை, பக்கத்தில் மாமியார், வாசல் பக்கம் நிழலாகப் புருஷன். பொட்டைப் புள்ளையாவே பெத்துப் போடறா என்று மாமியார் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தலையே நிமிரவில்லை, குழந்தையின் கால் விரலைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தாள். நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய் என்று எழுதிக் காட்டினேன். தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ்தான் போகும், எக்ஸா ஒய்யா என்பது தகப்பனிடமிருந்து வருவது, அதுவும் அவர் கையில் இல்லை என்று சொன்னேன். மாமியார் அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் சீட்டைக் கேட்டு வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க உயிரியலாளர் நெட்டி ஸ்டீவன்ஸ், 1905-ல், மாவுப்புழு வண்டுகளை வைத்துக்கொண்டு. அதே வருடம் எட்மண்ட் வில்சனும் தனியாகக் கண்டார். பெண் சிசுக்கொலையைத் தடுக்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் நம் தருமபுரி மாவட்டத்துக்கு வந்தது 2001-ல். இடையில் ஒரு நூற்றாண்டு. கோப்பர்நிக்கஸ் புரட்சியைவிட இந்த ஊருக்கு அவசரமாகத் தேவைப்பட்ட புரட்சி ஒரு வண்டின் உயிரணுவில் இருந்தது, அது நம் வீட்டுத் திண்ணைக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. சாதிக்கும் இதேதான். எந்த இரண்டு மனிதர்களை எடுத்தாலும் மரபணு எழுத்துகளில் சுமார் 99.9 சதவீதம் ஒன்று. பிறப்பிலேயே ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பதற்கு அங்கே இடமே கிடையாது. உங்கள் வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் எல்லாரும் ஒன்றுமில்லை என்று கேட்டு வாடிப்போகிற பிள்ளையும் அங்கே இருக்கும், நாம் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதைப் பிறந்ததிலிருந்து யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிற பிள்ளையும் இருக்கும். உங்களிடம் இருப்பது ஒரே பாடம்தான்.

ஏஐ பற்றி ரொம்பப் பேசவில்லை. கணினி அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவைச் செஸ்ஸில் தோற்கடித்தது 1997-ல். 27 வருடம் கழித்து, 2024 டிசம்பரில், நம் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியனாகி அந்தப் பலகை முன்னாலேயே அழுதபோது, கணினி இதைவிட நன்றாக ஆடும் என்று யாருக்காவது தோன்றியதா? பாடக்குறிப்பை அது எழுதட்டும். பாட்டியைப் பற்றிக் கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வேலை, உரிமை, ஆபத்து

பரிணாமம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே பாடமாக இருக்கிறது. அதை நடத்தியது உங்கள் கடமை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அரசியலமைப்பில் 1976-ல் சேர்த்த 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. ஆனால் அந்த வரியை முழுசாகப் படியுங்கள், அறிவியல் மனப்பான்மைக்கு அடுத்த சொல்லே மனிதநேயம்தான். 25-வது பிரிவு மனச்சாட்சி சுதந்திரத்தை எல்லாருக்கும் கொடுக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் அவள் அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்து. பாட்டி எங்கே போனார் என்பது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி, அங்கே நீங்கள் சொன்னது உங்கள் முடிவு, அறிவியலின் பெயரில் சொல்லிவிட்டீர்கள். தவறு அவ்வளவுதான், அதற்கு மேல் பெரிதாக்கிக்கொள்ளாதீர்கள்.

மெமோவுக்கு எழுத்திலேயே பதில் கொடுங்கள். பாடத்தின் பெயர், தேதி, நடத்திய பகுதி, பிள்ளை வருத்தப்பட்டதற்கு உங்கள் வருத்தம், இவ்வளவு போதும், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் இப்படி இருக்கும்போது பெரிய முடிவு எதையுமே எடுக்க வேண்டாம் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வேன். வேலை போனால் பகல் முழுக்க அறையில் தனியாக இருப்பீர்கள், அது இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது. வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஆகாது, பாடத்தையே வெறுத்துவிடுவீர்கள். மூன்று மாதம் கழித்து உடம்பு தேறியபிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வேறு வேலை பார்த்துவிட்டுப் போங்கள்.

நிர்வாகம் ஒத்துக்கொண்டால் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள், ஜவ்வாது மலையில் இருக்கிறது, பர்கூரிலிருந்து தூரமில்லை. முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். 1977-ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்ததில் அங்கே இருந்து கவனித்தவர்களுக்கும் பங்கு உண்டு. பூமி தூசி என்று நீங்கள் சொன்ன அதே பிள்ளைகளிடம், இன்றைக்குக் காலையில் நீங்கள் சாப்பிட்ட ராகிக் களியில் இருக்கிற கால்சியம் சூரியன் பிறப்பதற்கு முன்னாலேயே ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குள் உண்டானது என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் உண்மைதான், துளிகூடக் கலப்படம் இல்லை.

அப்பாவும் வேடியப்பனும்

டார்வினின் மனைவி எம்மா பக்தி உள்ளவர். குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும், இவர் உள்ளே போகமாட்டார், அந்த நேரத்தில் நடந்துவிட்டு வருவார். ஊர்ப் பாதிரியாரோடு கடைசிவரை சிநேகம், கிராமத்துச் சங்கத்தின் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொடுத்தார். உலகத்தையே புரட்டிப்போட்ட ஆளுக்கு வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது.

வேடியப்பன் என்று நம் பக்கத்தில் கும்பிடுகிற கல் பல இடங்களில் நடுகல்தான் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காத்து விழுந்தவன், கையில் வில்லோ வாளோ வைத்துக்கொண்டு நிற்பான். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கச் செத்தவனோடு, கோவிவன் என்ற அவன் நாயையும் செதுக்கி, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதைப் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்கள் மூடநம்பிக்கை என்று விலகுகிற இடத்தில் நிற்பது அனேகமாக ஒரு மனிதனின் நினைவுக் கல். கிடா வெட்டும்போது நிற்கப் பிடிக்கவில்லையா, நிற்காதீர்கள். பொங்கலுக்கு விறகு எடுத்துக் கொடுங்கள், மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசி மறைந்துபோன எழுத்து ஏதாவது அந்தக் கல்லில் இருக்கிறதா என்று அப்பாவைக் கேளுங்கள். மூன்று மாதமாகப் பேசாத மனிதர் அந்தக் கல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக அந்தப் பிள்ளை. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் வேண்டாம், அவள் அம்மா கூட்டிப்போக வரும்போது இரண்டு பேரிடமும் சேர்ந்து பேசுங்கள். நான் அன்றைக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டேன், அந்தக் கேள்விக்கு அறிவியல் புத்தகத்தில் பதில் இல்லை என்று சொல்லுங்கள். சமாதானத்துக்காக நீங்கள் நம்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி பெயர் என்ன, என்ன சமைப்பார்கள், உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள், அவள் சொல்லி முடிக்கட்டும்.